நீச்சல் குளத்தில் 1500 மீட்டர் நீந்துகிறேன், கடலுக்கு அது போதுமா?

6 மார்ச் 2024, புதன் (வாசகர் கேள்வி)

மே மாதம் நடக்கும் ஒரு ஒலிம்பிக் தூர டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 1.5 கிலோமீட்டர் கடல் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் எனக்குப் பழக்கம். குளத்தில் 1500 மீட்டரை நிற்காமல் 38 நிமிடத்தில் நீந்துகிறேன். கடலில் இறங்கியதே இல்லை. இது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

7 மார்ச், வியாழன், இரவு 10.15

தாராளமாகப் போதும். என் கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். 25 மீட்டர் குளத்தில் 60 நீளம், 36 நிமிடம். நானும் கடலில் நீந்தியதில்லை. சின்ன வயதில் மெரினாவில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றதோடு சரி. உப்புத் தண்ணீரில் உடம்பு நன்றாக மிதக்கும், ஆகவே குளத்தைவிடச் சுலபமாகத்தான் இருக்கும். எனக்கு இந்த ஞாயிறே பந்தயம், சென்னையை அடுத்த கோவளத்துக்குத் தெற்கே, உங்கள் தூரமேதான். முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நீங்கள் குளத்திலேயே பயிற்சியைத் தொடருங்கள் தம்பி.

9 மார்ச், சனி, இரவு 9.30

பந்தயத்துக்கு முந்தின நாளே ஒரு சோதனை. சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காரின் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுவந்தேன். கியர் இருக்கும் பக்கம் கீழே, அதற்கு மேல் பைகள், தண்ணீர் கேன். விடுதியில் இறக்கி ஒரு சுற்று ஓட்டினால், சங்கிலி எந்தப் பல்சக்கரத்திலும் நிற்கவில்லை. டக் டக் என்று தாவிக்கொண்டே இருந்தது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றும் டிரெய்லியர், சக்கரத்தின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்கிற சின்ன அலுமினியத் துண்டு வளைந்துவிட்டது. அடி விழுந்தால் சட்டம் போகாமல் தான் வளையட்டும் என்றே அதை மெலிதாக வைத்திருக்கிறார்கள். மாற்றுத் துண்டு என்னிடம் உண்டு. ஆனால் அது வீட்டு அலமாரியில் இருக்கிறது.

ஊருக்குள் விசாரித்துக்கொண்டு போனேன். டீக்கடையை ஒட்டி ஒரு சைக்கிள் கடை, மூடப்போகிற நேரம். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். "கியர் சைக்கிள் நமக்கு அவ்வளவா பழக்கமில்ல தம்பி. ஆனா கோணல் கோணல்தானே" என்றார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்னிடமிருந்த 5 மில்லிமீட்டர் ஆலன் சாவியை டிரெய்லியர் போல்ட்டில் செருகி, இடது கையால் சக்கரத்தை அணைத்துப் பிடித்து, மெல்ல வெளிப்பக்கம் இழுத்தார். மறுபடி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் போதும் என்று சாவியைத் துடைத்துக் கையில் கொடுத்தார். 40 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

"பெரிய பல்லுக்கு மட்டும் போகாதீங்க. அந்தப் பக்கம் இன்னும் நூலளவு பாக்கி இருக்கு. ரொம்ப இழுத்தா முறிஞ்சிடும்."

தயிர்சாதம் சாப்பிட்டாயிற்று. நாலரைக்கு எழ வேண்டும்.

10 மார்ச், ஞாயிறு, மாலை 5.00

முடித்துவிட்டேன். 4 மணி 16 நிமிடம். நாலரை மணி நேரம்தான் எல்லை. வியாழக்கிழமை நான் எழுதியதை நம்பி யாரும் கடலில் இறங்காதீர்கள். இப்போது உட்கார்ந்து எழுத முடியவில்லை, நாளை எழுதுகிறேன்.

11 மார்ச், திங்கள், இரவு 8.45

நீச்சலை மட்டும் இன்று எழுதுகிறேன்.

பாதை 750 மீட்டர், இரண்டு சுற்று. கரையிலிருந்து நேராக 200 மீட்டர் உள்ளே, அங்கிருந்து வலது பக்கம் திரும்பித் தெற்கே 350 மீட்டர், பிறகு 200 மீட்டர் கரைக்கு. திருப்பத்துக்கு ஆரஞ்சு மிதவைகள் கட்டியிருந்தார்கள். ஆறரைக்குத் தொடக்கம். சூரியன் உதித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. நம் கடற்கரையில் உள்ளே நீந்துவது என்றால் நேர் கிழக்கே நீந்துவது. நான் போட்டிருந்தது குளத்துக்கு வாங்கிய நிறமில்லாத கண்ணாடி. தலையைத் தூக்கினால் வெளிச்சம் கண்ணில் அறைந்தது. தண்ணீர் முழுக்கத் தகதகவென்று இருக்க, மிதவை எங்கே என்றே தெரியவில்லை.

தலையை உள்ளே விட்டால் அதற்கு மேல். குளத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு ஓடும், அதைப் பார்த்துக்கொண்டே போவோம். இங்கே பச்சையும் மண்ணும் கலந்த ஒரு கலங்கல்தான். நீட்டிய கை முழங்கைக்கு அப்பால் தெரியவில்லை. அலையைத் தாண்டுகிற இடத்தில் யாரோ ஒருவரின் குதிகால் கண்ணாடியில் பட்டு, இடது கண்ணில் உப்புத் தண்ணீர் நிறைந்துவிட்டது. ஐம்பது மீட்டர்கூட ஆகியிருக்காது. நெஞ்சு இறுகி, மூச்சு மேல்மூச்சு வாங்கியது. தினமும் 60 நீளம் நீந்துகிறவனுக்கு அந்த இடத்தில் ஒரு முழு மூச்சு எடுக்க முடியவில்லை.

அப்போது செய்த ஒன்று மட்டும் சரியாக அமைந்தது: மல்லாந்து படுத்துவிட்டேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு இருபது மூச்சு எண்ணினேன். நெஞ்சு இளகியது. இதைக் குளத்திலேயே பழகிக்கொள்ளலாம் தம்பி, இன்றைக்கே.

அதற்குப் பிறகு செய்தது தவறு. தலையைத் தூக்கினால் கண் கூசுகிறதே என்று, தூக்காமலே போனேன். நூறு கைவீச்சு எண்ணினேன். நல்ல வேகத்தில் போகிறோம் என்றே நினைப்பு. திடீரென்று பக்கத்தில் ஒரு குரல்.

"யோவ், தலையைத் தூக்கிப் பாருய்யா! எங்க போற நீ?"

காவலுக்கு நிறுத்தியிருந்த குப்பத்து ஃபைபர் படகு ஒன்று. அதில் நின்ற மீனவர் கையை நீட்டிக் காட்டினார். மிதவை எனக்கு வலது பக்கம், நன்றாகப் பின்தங்கி நின்றது. அறுபது மீட்டராவது இருக்கும். நான் வடக்கே அடித்துச்செல்லப்பட்டிருந்தேன், அது எனக்குத் தெரியவே இல்லை. "தெண்டி இழுக்குது. தெக்கே ஏத்திப் புடிச்சுப் போ. அந்த டவரைப் பாரு, அதை உடாத" என்றார். கரையில் ஒரு செல்போன் கோபுரம் நின்றது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்துக்கு அவர்கள் ஊரில் தெண்டி என்று பெயர். வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. கரையில் நின்றபோது யாரையாவது கேட்டிருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அப்புறம் எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தேன். ஓட்டத்துக்கு எதிரே போன அந்த 350 மீட்டர் முடிவதாகவே இல்லை. இரண்டாம் சுற்றில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஒன்று அருகில் வந்தது. அதிலிருந்த பெண் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தொட்டால் தகுதி போய்விடும் என்று வேண்டாம் என்றுவிட்டேன். 52 நிமிடத்தில் கரையேறினேன். 60 நிமிடம் தாண்டினால் சைக்கிளையே தொட விட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டே பேர்.

கரையில் மகள் ஓடிவந்தாள். ஒன்பது வயது. "அப்பா, எல்லாத் தொப்பியும் வலது பக்கம் போச்சு, ஒண்ணே ஒண்ணு மட்டும் இடது பக்கமாப் போச்சு. அது நீதான்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நான்தான் அம்மாகிட்டச் சொன்னேன்." என் மனைவி ஒன்றும் பேசவில்லை. துண்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

11 மார்ச், இரவு 11.20

தூக்கம் வரவில்லை, இதையும் எழுதிவிடுகிறேன். 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டர் என்றால் 59 முறை சுவரை உதைக்கிறோம். ஒவ்வொரு உதைக்கும் மூன்று நான்கு மீட்டர் சும்மாவே கிடைக்கிறது. அந்த நொடியில் கைக்கும் ஓய்வு. நாம் "நிற்காமல்" நீந்துகிறோம் என்று சொல்வதில் இவ்வளவு நிற்பது இருக்கிறது. டிரையத்லானில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பகுதி நீச்சலில்தான். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் உங்களிடம் "தாராளமாக" என்று எழுதினேன். அந்தச் சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன் தம்பி.

12 மார்ச், செவ்வாய், இரவு 9.00

சைக்கிள். ஹெல்மெட் பட்டையைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடலாம், அது விதி. நீச்சலிலிருந்து வந்த கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்னக் கொக்கி இரண்டு விரல் வேலை. ஒன்று உள்ளே போனால் மற்றது நழுவியது. நடுவர் பார்த்துக்கொண்டே நின்றார். காலில் ஒட்டிய மணலோடு சாக்ஸைப் போட்டுவிட்டேன். அதன் பலன் ஓட்டத்தில் தெரிந்தது.

முதல் 25 கிலோமீட்டர் நன்றாகப் போனது. பெரியவர் வளைத்துக் கொடுத்த ஹேங்கர் முணுமுணுக்கக்கூட இல்லை. 27ஆவது கிலோமீட்டரில் எதிர்காற்று, ஒரு சின்னப் பாலத்தின் ஏற்றம். பழக்கத்தில் கை தானாகவே கடைசிப் பல்லுக்கு மாற்றிவிட்டது. சங்கிலி பெரிய பல்லையும் தாண்டி, பல்லுக்கும் ஆரக்கம்பிகளுக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டது. சக்கரம் கறகறவென்று பூட்டிக்கொண்டது. விழவில்லை, அதுவே பெரிது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா இளநீர் விற்றுக்கொண்டிருந்தார். நான் சங்கிலியை இழுத்துப் போராடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். "நான் தூக்கிப் புடிக்கிறேன், நீ எடுப்பா" என்று பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். 11 நிமிடம் ஆனது. கையெல்லாம் கறுப்பு. பழந்துணி கொடுத்தார், ஒரு இளநீரும் வெட்டிக் கொடுத்தார். என்னிடம் காசு இல்லை. "போயிட்டு வந்து குடு" என்றார்.

13 மார்ச், புதன், காலை 7.10

நேற்று இரவே இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். இரண்டும் சரி.

முதலாவது, கயாக். மிதவையையோ நிற்கும் படகையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அது விதிமீறல் ஆகாது. பிடித்தபடி முன்னால் நகர்வதுதான் கூடாது. விதிப் புத்தகத்தைப் படிக்காமலே இறங்கியிருக்கிறேன். அந்தப் பெண் அழைத்தபோது ஒரு நிமிடம் பிடித்திருந்தால், அவ்வளவு சோர்ந்து கரையேறியிருக்க மாட்டேன். புதிதாக வருகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, இளநீர். ஏற்பாட்டாளர்கள் தரும் உதவி தவிர வெளியாள் உதவி வாங்கக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தது, துணி, இளநீர் மூன்றும் அதில் வரும். அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. ஏற்பாட்டாளர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். முடிவு அவர்கள் கையில்.

15 மார்ச், வெள்ளி, இரவு 10.00

ஓட்டம் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஒன்பதரை மணிக்குத் தொடங்கி முக்கால்வாசி வெயிலில். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். சைக்கிள் முடிந்த கையோடு ஓடிப் பழகியிருந்ததால், இரண்டு கிலோமீட்டரில் அது சரியாகிவிட்டது. சாக்ஸுக்குள் இருந்த மணல் சரியாகவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் ஓரமாக உட்கார்ந்து கழற்றி உதறினேன். வலது குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் போயிருந்தது.

ஏழாவதில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்தது. அங்கே ஒரு கல்லூரி மாணவன், அவனும் நடந்துகொண்டிருந்தான். "சார், அடுத்த தண்ணி மேசை வரைக்கும் ஓடலாமா?" என்றான். அப்படியே மேசைக்கு மேசை ஓடினோம். கடைசி நூறு மீட்டரில் அவன் கையை நீட்டினான், பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்தே கோட்டைத் தாண்டினோம்.

16 மார்ச், சனி, காலை 6.40

"அதுவும் விதிமீறல் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உயர்மட்டப் போட்டியில் ஆமாம். 2019 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் முன்னோட்டப் போட்டியில் ஜெஸ் லியர்மந்த், ஜார்ஜியா டெய்லர்-பிரவுன் என்ற இரண்டு பிரிட்டன் வீராங்கனைகள் முதலிடத்தில் கைகோத்துக்கொண்டு முடித்தார்கள். வேண்டுமென்றே சமநிலை ஆக்கினார்கள் என்று இருவரையும் தகுதி நீக்கினார்கள். வெற்றி பெர்முடாவின் ஃப்ளோரா டஃபிக்குப் போனது. என் விஷயத்தில் இளநீரே போதும், கை கணக்குக்கு வராது.

வெளியாள் உதவி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1978 பிப்ரவரி 18இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேன் என்கிற நீண்ட தூர டிரையத்லான் பந்தயத்தில் ஆளுக்கொரு உதவிக் குழு கூடவே வந்தது. 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள். மாரத்தான் ஓட்டத்தில் ஜான் டன்பாரின் குழுவிடம் தண்ணீர் தீர்ந்துபோக, பீரைக் கொடுத்திருக்கிறார்கள். அவரை முந்தி கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் ஜெயித்தார். டிரையத்லான் பிறந்த நாளே அதுதான். அன்றைய விதிப்படி என் இளநீர் செல்லும்.

17 மார்ச், ஞாயிறு

திருத்தம். டிரையத்லான் ஹவாயில் பிறக்கவில்லை. அதற்கு முன்பே 1974 செப்டம்பர் 25இல் சான் டியாகோவின் மிஷன் பே பகுதியில் அந்தப் பெயரிலேயே ஒரு பந்தயம் நடந்துவிட்டது. அதில் கலந்துகொண்ட ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதிதான் பிறகு ஹவாயில் அயர்ன்மேனைத் தொடங்கினார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

23 மார்ச், சனி, மாலை 4.30

மூன்று செய்தி.

ஏற்பாட்டாளர்கள் பதில் எழுதினார்கள். என் பெயர் முடித்தவர்கள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. மரியாதையான கடிதம். பதக்கத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது, ஒளிக்கவில்லை. ஆனால் எழுதாமல் இருந்திருந்தால் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு விதியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

கைக்கடிகாரப் பதிவை இன்றுதான் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். அறுபது மீட்டர் விலகினேன் என்று எழுதியிருந்தேன். 140 மீட்டர். மொத்தம் நீந்தியது 1500க்குப் பதிலாக 1930 மீட்டர். மகள் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "இங்கதான் நான் அம்மாகிட்டச் சொன்னேன்" என்று விரலை வைத்தாள்.

மூன்றாவது, ஹேங்கர். காரில் கிடத்தியதால் வளைந்தது என்றேன். புதியதை மாட்டும்போது பழையதைக் கையில் வைத்துப் பார்த்தால், வளைவின் உள்பக்கம் ஒரு பழைய விரிசல், அதில் கறுப்பாக அழுக்கு ஏறியிருக்கிறது. ஜனவரியில் வலது பக்கமாக ஒருமுறை விழுந்தேன். அன்றைக்கே தொடங்கியிருக்கிறது. பெரியவர் "ரொம்ப இழுத்தா முறிஞ்சிடும்" என்று நிறுத்தினாரே, அவர் அந்த விரிசலைப் பார்த்திருக்க வேண்டும்.

31 மார்ச், ஞாயிறு, பிற்பகல் 1.00

குடும்பத்தோடு அங்கே போய்வந்தோம். இளநீர் அம்மாவுக்குக் காசு கொடுத்தேன். பதக்கம் வாங்கினாயா என்று கேட்டார். அந்த இளநீரால் போனது என்று சொல்ல மனம் வரவில்லை. "முடிச்சிட்டேம்மா" என்றேன்.

பிறகு குப்பத்துக்குப் போய் அந்தப் படகுக்காரரைத் தேடிப் பிடித்தோம். வலை பின்னிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. தொப்பி, கண்ணாடி என்று சொன்னதும், "ஓ, வடக்கே போன ஆளா" என்றார். நீரோட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். கரையோரம் கட்டியிருந்த படகுகளைக் காட்டினார். நங்கூரக் கயிறு எந்தப் பக்கம் இழுபட்டு நிற்கிறது, மிதவையின் எந்தப் பக்கம் தண்ணீர் முட்டிச் சுழிக்கிறது, இரண்டையும் பார்த்தால் போதுமாம். அரை நிமிட வேலை. அன்று காலை அதே படகுகளுக்கு நடுவில்தான் நான் உடம்பை வளைத்து நீட்டிக்கொண்டு நின்றேன்.

தம்பி, உங்களுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அவரிடம் பேசிவிட்டேன். படகோடு கூடவே வருவார். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வர முடியுமா?

21 ஏப்ரல், ஞாயிறு, காலை 11.15

மூன்றாவது முறை இறங்கிவிட்டு இப்போதுதான் வந்தோம். 15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலமாயிற்றே, படகு எடுப்பாரா என்று தம்பிக்குச் சந்தேகம். "அது விசைப்படகுக்குத்தாம்பா, ஜூன் 14 வரைக்கும். எங்களுக்கு இல்ல" என்றார் அவர்.

முதல் வாரம் தம்பிக்கும் எனக்கு வந்த அதே மூச்சிறுக்கம் வந்தது. முப்பது மீட்டரில். மல்லாந்து படுக்கச் சொன்னேன். படகு பக்கத்திலேயே நின்றது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பிக் கரைக்கு வந்துவிட்டோம், அன்று அவ்வளவுதான். இன்று 900 மீட்டர். இருவருமே நிறமுள்ள கண்ணாடி போட்டிருந்தோம். சூரியன் நேரே இருந்தும் மிதவை தெரிந்தது.

இறங்குவதற்கு முன்னால் படகுக்காரர் எங்கள் இருவரையும் கரையில் நிறுத்தி, "சொல்லுங்க, இன்னைக்கு என்ன ஓடுது?" என்று கேட்டார். நான் கயிற்றைப் பார்ப்பதற்குள் தம்பி சொல்லிவிட்டார்: "தெண்டி."

"எவ்வளவு?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு தேங்காய் மட்டையை எடுத்துத் தண்ணீரில் வீசிவிட்டு, அதோடு கூடவே கரையில் நடக்கச் சொன்னார். நடந்தோம்.